சிராய்ப்பும் புள்ளிமானும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க மான் வேட்டையைப் பற்றி வந்த கட்டுரையை மூன்று முறை படித்தேன். முதல் முறை விளங்கவில்லை. இரண்டாம் முறை விளங்கியதும் சிரித்தேன். மூன்றாம் முறை கோபம் வந்தது. "வேட்டைக்காரர்கள் காட்டில் போலிச் சிராய்ப்புகளை உண்டாக்கி ஆண்மான்களை மயக்கி வரவழைக்கிறார்கள்" என்பதுதான் அந்த வரி. முழங்காலில் சிவப்பு மையைத் தடவிக்கொண்டு புதருக்குள் முனகிக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரரை மான் வந்து நலம் விசாரிக்கும் என்று தங்கள் வாசகர்கள் எண்ணியிருப்பார்கள். கட்டுரையாளர் அகராதியைத் திறந்து, முதலில் கண்ட பொருளோடு மூடிவிட்டார். மெய்ப்புப் பார்த்தவருக்கும் மானுக்கு எங்கே அடிபட்டது என்று கேட்கத் தோன்றவில்லை.

தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். அவர் சிராய்ப்பு என்று பெயர்த்த ஆங்கிலச் சொல் ஸ்கிரேப். இங்கே அது மான் காலால் பறித்துப்போட்ட மண், கிளறல் என்று சொல்லலாம். அக்டோபர் வந்தால் வெண்வால் மானின் கலை, அதாவது ஆண்மான், தாழத் தொங்கும் கிளை ஒன்றின் அடியில் நின்று, முன்னங்குளம்பால் சருகை வாரித் தள்ளி, இரண்டு மூன்றடி அகலத்துக்கு வெறும் மண் தெரியும்படி செய்யும். பின்னங்கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு, மூட்டின் உட்புறத்திலுள்ள சுரப்பிகளை நனைத்து வழியும்படி அந்த மண்ணில் சிறுநீர் விடும். தலைக்கு மேலிருக்கும் கிளையின் நுனியை நக்கும், கடிக்கும், நெற்றியையும் கண்ணோரத்தையும் அதில் தேய்க்கும். மற்ற மான்களுக்குத் தன் வாசனையை விட்டுவைக்கும் வழி இது. மண்ணைவிட அந்தக் கிளைக்குத்தான் மதிப்பு அதிகம். மண் மூடிப்போன பிறகும் கிளையைத் தேடி வருகிற மான்கள் உண்டு. இதைப் பார்த்து மனிதன் செய்துவைப்பதுதான் பொய்க்கிளறல். "கொம்பால் மண்ணைக் கீறி" என்று வேறு எழுதியிருக்கிறார். கொம்பை மரத்தில் உரசிப் பட்டையை உரிப்பது தனி வேலை. அதற்குத் தனிப் பெயர் உண்டு.

கட்டுரைக்கு மேலே அரைப் பக்கத்துக்கு ஒரு புள்ளிமான் படம். பின்னணியில் பனைமரம். அமெரிக்காவின் குளிர் மாநிலமான விஸ்கான்சினில் பனைமரம்! வெண்வால் மானுக்குக் குட்டியில்தான் புள்ளி இருக்கும், இலையுதிர் காலத்துக்குள் அதுவும் மறைந்துவிடும். தங்கள் அலுவலகத்தில் மான் என்றால் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்பது எனக்குப் பழைய செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் பனிக்காலப் பயணக் கட்டுரை ஒன்றுக்கும் இதே மானையே போட்டிருந்தீர்கள். அப்போதும் எழுதினேன். இரண்டு பக்கக் கடிதத்தில் "தங்கள் இதழைத் தவறாமல் படித்து வருகிறேன்" என்ற முதல் வரியை மட்டும் எடுத்து, கீழே என் பெயரையும் தப்பாக அச்சிட்டீர்கள். தவறாமல் என்ற சொல்லை அன்றிலிருந்து கவனமாகத்தான் கையாள்கிறேன். 1996 முதல் சந்தா கட்டுகிறவன் நான். தீபாவளி மலர் எனக்குப் பொங்கலுக்கு வந்து சேர்வதைப் பற்றி இங்கே பேசவில்லை.

படத்தைக்கூட மன்னித்துவிடலாம். "காதல் பருவத்தில் கள்ளக் கடிதம் போட்டு வரவழைத்துக் கொல்லும் இந்த வஞ்சகம் நம் மண் அறியாதது" என்று கட்டுரையை முடித்திருக்கிறாரே, அதை எப்படி மன்னிப்பது? தங்கள் இதழ் மாதம் ஒரு சங்கப் பாட்டுக்கு உரை வெளியிடும் இதழ். புறநானூற்றின் 320ஆம் பாட்டு தங்களுக்குத் தெரியாததா? முற்றத்துக் கொடி நிழலில் வேட்டுவன் அசந்து தூங்குகிறான். அவன் வளர்க்கும் பார்வைப் பிணையோடு (பிணை என்றால் பெண்மான்) எங்கிருந்தோ வந்த ஒரு தனிக் கலை கூடி விளையாடுகிறது. எழுந்தால் கணவன் விழித்துவிடுவானோ, கலை பிணையை விட்டு ஓடிவிடுமோ என்று அவன் மனைவி அசையாமல் இருக்கிறாள். பார்வை என்றால் என்ன? காட்டு விலங்கை வரவழைக்கப் பழக்கிவைத்த விலங்கு. அந்தப் பிணை வீட்டு முற்றத்துக்கு அழகுக்காக வந்ததல்ல. மானைக் காட்டி மான் பிடிக்கும் வித்தைக்கு நம்மிடம் ஒரு சொல்லே இருந்திருக்கிறது, அதுவும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்த் தரிசில் ஒருவர் கூண்டில் கௌதாரியோடு போவார். கூண்டைப் புதரடியில் வைத்துச் சுற்றிலும் கண்ணி விரித்துவிட்டு வரப்பில் படுத்துக்கொள்வார். கூண்டுப் பறவை கத்தும், காட்டுப் பறவை சண்டைக்கு வரும், கால் மாட்டிக்கொள்ளும். அவரை யாரும் வஞ்சகர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு கிடைத்தால் ஒன்றை எங்கள் வீட்டுக்குக் கொடுப்பார்.

இனி என் கதை. விஸ்கான்சினின் தென்மேற்கில், ஐயோவா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) குடியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு வில் வேட்டைக்குப் பழகினேன். இந்த மாநிலத்தில் 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பை முடித்தால்தான் உரிமம் பெறலாம். நான் 1961இல் பிறந்தவன், எனக்கு அது தேவையில்லை. ஆனாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து படித்தேன். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. (இதைக் கட்டுரையாளரைச் சொல்வதாக எடுத்துக்கொண்டாலும் ஆட்சேபம் இல்லை.)

பொய்க்கிளறல் செய்யப் பக்கத்துப் பண்ணைக்காரர் கற்றுக்கொடுத்தார். ரப்பர் பூட்ஸ், ரப்பர் கையுறை. வீட்டு வாரியல் ஆகாது, அதே காட்டில் கிடக்கும் குச்சிதான். ஓக் மரக் கிளையிலிருந்து காட்டுத் திராட்சைக் கொடி ஒன்றை என் நெஞ்சளவுக்குத் தொங்கவிட்டுக் கம்பியால் கட்டினேன். அடியில் சருகைத் தள்ளி மண்ணைக் கொத்திவிட்டேன். கடையில் சிறு பாட்டிலில் விற்கும் மான் சிறுநீரை வாங்கி ஊற்றினேன். பத்தடி தள்ளிக் கேமராவை மரத்தில் கட்டிவைத்தேன்.

முதல் ஆண்டு வந்தவை பிணைகள், குட்டிகள், ஒரு ரக்கூன். காதல் கடிதம் என்றால் பிணையும் குட்டியும் எதற்கு வருகின்றன? அது ஊர்ச் சாவடி போன்ற இடம். போகிறவர் வருகிறவர் எல்லோரும் மோந்து பார்த்து, யார் வந்து போனார்கள் என்று தெரிந்துகொண்டு, தம் வாசனையையும் விட்டுப் போகிறார்கள். இரண்டாம் ஆண்டுதான் பெரிய கலை வந்தது, அதிகாலை 2.17க்கு. படம் இன்னும் என்னிடம் இருக்கிறது: கொடி நுனியை வாயில் வைத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, வெற்றிலை போடுகிற கிழவரைப் போல நிற்கிறது. கலைகள் பெரும்பாலும் இரவில்தான் இந்த இடங்களுக்கு வரும். இரவில் மான் வேட்டையாடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நவம்பரில் பிணைகள் பருவத்துக்கு வந்துவிட்டாலோ கலை கிளறலை மறந்துவிட்டு அவற்றின் பின்னாலேயே ஓடும். அந்தக் "கொலைப்பொறி"யில் ஐந்து பருவங்களில் எனக்கு ஒரு மானும் கிடைக்கவில்லை. 2018 நவம்பரில் நான் எய்த ஒரே கலை, ஒரு பிணையைத் துரத்திக்கொண்டு கிளறலுக்கு நாற்பதடி தள்ளிப் போனது. அதன் பக்கம் தலைகூடத் திருப்பவில்லை.

வஞ்சகம் எங்கே இருக்கிறது என்று கட்டுரையாளர் தேடியிருந்தால் அந்தப் பாட்டிலைப் பார்த்திருக்க வேண்டும். மானை உருக்கிக் கொல்லும் நோய் ஒன்று உண்டு, சுருக்கமாக சி.டபிள்யூ.டி. என்பார்கள். 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. 2002 பிப்ரவரியில் எங்கள் பக்கத்துக் கவுண்டியில், மௌன்ட் ஹோரெப் அருகே, முந்தைய பருவத்தில் சுட்ட மூன்று கலைகளில் கண்டுபிடித்தார்கள். காரணம் கிருமி அல்ல, உருக்குலைந்த புரதம். உமிழ்நீரிலும் சிறுநீரிலும் வெளியேறும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், சமைத்தாலும் அழியாது. கடைப் பாட்டிலில் இருப்பது அடைத்து வளர்க்கும் மான்களின் சிறுநீர். வர்ஜீனியா, வெர்மான்ட் போன்ற மாநிலங்கள் அதை வேட்டைக்குப் பயன்படுத்தவே தடை விதித்துவிட்டன. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. சிராய்ப்புக்கு இடம் இருந்திருக்கிறது.

நான் எய்த கலையின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு இறைச்சியை ஃபிரீசரில் வைத்திருந்தோம். வெள்ளைக் காகிதப் பொட்டலங்களில் என் மனைவி "சுக்காவுக்கு", "குழம்புக்கு", "கொத்துக்கறி" என்று எழுதி அடுக்கியிருந்தார். முடிவு இரண்டு வாரம் கழித்து வந்தது, நோய் இருந்தது. மனிதருக்கு இந்நோய் பரவியதாக இதுவரை நிறுவப்படவில்லை, ஆனாலும் உண்ண வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையின் அறிவுரை. பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கறுப்புப் பையில் போட்டோம். நான் ஊற்றிய பாட்டிலால் அந்த மானுக்கு நோய் வந்தது என்று சொல்ல முடியாது. இந்த வட்டாரத்து மண்ணிலேயே அது ஊறிக் கிடக்கிறது. ஆனால் ஐந்து ஆண்டுகள் அந்த மண்ணில் ஊற்றியவன் நான். அதற்குப் பிறகு கொடி மட்டும்தான். மான்கள் முன்போலவே வருகின்றன; பாட்டிலுக்குக் கொடுத்த காசுதான் வீண்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் ஒரு மூலையில் நான்கு வரி: "சிராய்ப்பு" என்பதைக் "கிளறல்" என்றும், "கொம்பால்" என்பதை "முன்னங்குளம்பால்" என்றும் திருத்திப் படிக்கவும், படத்தில் இருப்பது இந்தியப் புள்ளிமான். வெண்வால் மான் படம் வேண்டுமானால் என் கேமராவில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, பணம் வேண்டாம். 2.17 மணிப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் தாராளமாகச் சுருக்குங்கள், ஆனால் இம்முறை முதல் வரியை மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஐயோவா கவுண்டி, விஸ்கான்சின்.