அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கேட்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில், ராமேஸ்வரத்தில் விடுமுறைக் கூட்டம் அலைமோதுகிறது, விடுதிகளில் அறை கிடைக்காமல் யாத்ரீகர்கள் தவிக்கிறார்கள் என்று படத்தோடு செய்தி வந்திருந்தது. உண்மைதான். அந்தப் படத்தில் தெரியும் மூன்று மாடிக் கட்டடத்துக்குப் பின்சந்தில்தான் நான் குடியிருக்கிறேன். செய்தியில் வராத ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

நான் 24 வருஷமாகத் தையல் வேலை செய்கிறேன். பழைய வாடிக்கைப் பெண்களுக்கு நான் டேப் பிடித்து அளவு எடுப்பதில்லை. சரியாகப் பொருந்துகிற ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து வைத்திருப்பார்கள். பெயர்ச்சீட்டு குத்தி, கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருப்பேன். கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான் எதற்குத் துணி எடுத்தாலும் “அளவு உங்ககிட்டயே இருக்குல்லக்கா” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். கேட்டால் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். இந்தச் சித்திரை பிறந்ததிலிருந்து ஒன்பது பேர் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள்.

ஏன் போகிறார்கள் என்று கேட்டால் வாடகை என்பார்கள். அது பாதிதான். பத்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது வாடகை 2,500 ரூபாய். இப்போது 6,500. அட்வான்ஸ் 50 ஆயிரம். கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. அந்த இடத்தில் குளிர்பானக் கடை வைக்க மூன்று மடங்கு தருகிறேன் என்று ஒருவர் வந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து மெஷினை வீட்டு வாசல் அறையில் போட்டுத் தைக்கிறேன். வீட்டுக்காரர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. ஒரு குடும்பம் மாதம் முழுக்க இருந்து கொடுக்கிற வாடகையை, அதே இடத்தை இரண்டு ரூமாகத் தடுத்து ஏ.சி. மாட்டினால் அமாவாசைக்கு முன்னும் பின்னும் நாலு நாளில் எடுத்துவிடுகிறார்கள்.

இருந்தாலும் வாடகைக்காக மட்டும் எங்கள் ஆட்கள் தீவை விட்டுப் போகிறவர்கள் இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாவது இருப்பார்கள். அவர்களைக் கிளப்பி விடுவது ராத்திரித் தூக்கம்.

கடலோரம்தானே, காற்று பிய்த்துக்கொண்டு வருமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பகலில் வரும். ராத்திரி அது ஓய்ந்த பிறகு ஈரம் மட்டும் அப்படியே நிற்கும். வேர்வை வழியும், காயாது. மதுரையில் என்ன வெயில் அடித்தாலும் நிழலில் ஒதுங்கினால் உடம்பு ஆறும். இங்கே கத்திரி நேரத்தில் நிழலிலும் புழுங்கும். முன்பெல்லாம் பனையோலை வீடு, இல்லாவிட்டால் மொட்டை மாடி. எங்கள் மொட்டை மாடியில் இப்போது தகர ஷெட் போட்டு ரூம் விட்டிருக்கிறார்கள். ஆம்பிளைகள் கடற்கரையில் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் எங்கே போவது?

எதிர் போர்ஷனில் இருந்த பெண்ணுக்குச் சித்திரையில் குழந்தை பிறந்தது. பேறுகாலத்துக்குத் துணையாக அவள் அம்மா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உச்சிப்புளியிலிருந்து வந்து தங்கியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து 20 நாள்கூட ஆகவில்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போகும், நாலு மணிக்கு வரும். சில நாள் விடிந்துதான் வரும். தொட்டிலுக்குள் காற்று நுழையாது என்று, தரையை ஈரத்துணியால் துடைத்து, பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்துக் குழந்தையைக் கிடத்துவாள். அவள் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பனையோலை விசிறியோடு உட்காருவோம். கை ஓய்ந்து நிறுத்தினால் போதும், குழந்தை முகத்தைச் சுளித்து அழ ஆரம்பித்துவிடும். கழுத்து மடிப்பில் வேர்க்குரு கோத்துக்கொண்டு செக்கச்செவேலென்று இருக்கும். கரண்ட் போன மறுநிமிஷம் பின்னாலிருக்கும் லாட்ஜில் ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கும். அதன் புகைக்குழாய் எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் புகை, சாத்தினால் அவியல். ஐந்தாவது ராத்திரி விடிந்ததும் அவள் அம்மா பேத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அப்புறம் அந்தப் பெண் ஒருமுறைதான் வந்தாள், பீரோவை ஏற்றிப் போக. அப்போது தன் அளவு ஜாக்கெட்டையும் அவள் நாத்தனாருடையதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எங்கள் மாவட்டம் மின்சாரம் விளையாத மாவட்டம் இல்லை. கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. வழுதூரில் எரிவாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள். அதெல்லாம் எங்களுக்கே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சூரிய மின்சாரம் ராத்திரி வராது என்பதும் தெரியும். கோளாறு கடைசி முழத்தில் இருக்கிறது என்கிறான் என் மகன். எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவன். அவனும் இப்போது திருப்பூரில் ஒரு கம்பெனியில்தான் இருக்கிறான்.

அவன் சொன்னதை என் தையல் பெட்டியே எனக்குப் புரிய வைத்தது. இந்த ஊரில் தையல் ஊசியை மேஜை மேல் வைத்துவிட்டுத் தூங்கினால், ரெண்டு மூன்று நாளில் துரு ஏறித் துணியில் புள்ளி வைக்கும். நான் ஊசிகளைத் தேங்காயெண்ணெய் டப்பாவில் போட்டுத்தான் வைப்பேன். அதே உப்பு, மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் மேலும் படிகிறது. மழைக்காலத்தில் மழையே கழுவிவிடும். மாசிக்கு மேல் மழை கிடையாது, உப்பு அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். ராத்திரி ஈரம் பட்டதும் கரண்ட் அந்த உப்பு வழியாகவே பாய்ந்து லைன் துண்டித்துக்கொள்ளும். கழுவிவிட ஆள் வேண்டும், இல்லாவிட்டால் உப்பு அவ்வளவாகப் பாதிக்காத பாலிமர் வகையை மாட்ட வேண்டும். ரெண்டுமே புதுசாகக் கண்டுபிடிக்க வேண்டியவை இல்லை.

இன்னொன்று டிரான்ஸ்பார்மர். எங்கள் சந்து டிரான்ஸ்பார்மர் ஓட்டு வீடும் பேனும் இருந்த காலத்தில் வைத்தது. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று இழுக்கிற கரண்டில் சுமார் 20 சீலிங் பேன் ஓடும் என்று மகன் கணக்குச் சொன்னான். லாட்ஜில் 24 ரூம். அது மட்டுமே 480 பேனுக்குச் சமம். ஊர் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 45 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நின்றிருந்த ரயில் மறுபடி தீவுக்குள் வர ஆரம்பித்த பிறகு, சாதாரண நாளிலும் எங்கள் தெருவில் கூட்டம்தான். வரட்டும். சாமி கும்பிட வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்கிற ஊர் இது இல்லை. அவர்களால் பிழைக்கிற குடும்பங்களும் உண்டு. ஆனால் புதிதாக ஒரு லாட்ஜுக்கு இணைப்புக் கொடுக்கும்போது, அந்தச் சந்தின் டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்று யாராவது பார்க்க வேண்டாமா?

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து நிறுத்தம் என்று உங்கள் பத்திரிகையில் முன்கூட்டியே போடுகிறீர்கள். அந்த நாளில் நான் வெட்டுவேலை, ஹெம்மிங் வேலையை வைத்துக்கொள்கிறேன், ஒரு கஷ்டமும் இல்லை. சொல்லாமல் போகிற கரண்ட்தான் பிழைப்பைக் கெடுக்கிறது. போன மே மாதக் கடைசியில் பள்ளிச் சீருடை 60 செட் ஒத்துக்கொண்டிருந்தேன். மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பழையபடி கால் மெஷினாக மாற்றி மிதித்தேன். ஓவர்லாக் மெஷினை மிதிக்க முடியாதே. ஓரம் அடிக்காத துணிகளை மூட்டையாகக் கட்டித் தங்கச்சிமடத்துக்கு எடுத்துப் போய், அங்கே ஒரு தங்கச்சி வீட்டில் அடித்துக்கொண்டு வந்தேன். 60-இல் 22 செட் நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை. பிள்ளைகள் பழைய சீருடையில் பள்ளிக்கூடம் போனதைப் பார்க்க எனக்கு முகமில்லை.

வாடகைக்கு இருப்பவர்களின் மீட்டர் விஷயத்தையும் சொல்ல வேண்டும், இதைப் பலர் எழுதுவதே இல்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. எங்கள் காம்பவுண்டில் ஐந்து குடும்பத்துக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒரே மீட்டர். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிடுவதால் கட்டணமே மேல் படிக்குப் போய்விடுகிறது. அவர் ஆளுக்கொரு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். பக்கத்து போர்ஷனில் ஒரு பிரிட்ஜ், ரெண்டு பேன், டிவி. போன தடவை 140 யூனிட், 1,400 ரூபாய் கட்டினார்கள். தனி மீட்டர் இருந்திருந்தால் நூறு, நூற்றைம்பதில் முடிந்திருக்கும். அந்த போர்ஷனில் இருப்பவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. நிவாரணம் 8,000 ரூபாய். என் கணவருக்கும் அதுதான். வருமானம் நிற்கிற மாதமும், பேன் நிற்காமல் ஓட வேண்டிய மாதமும் ஒன்றாகவே வருகிறது.

என் மாமியார் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் வீடு வாசல் எல்லாம் போன பிறகும், அவர் அப்பா குடும்பத்தோடு ராமேஸ்வரத்தில் வந்து ஓலைக் கொட்டகை போட்டாரே தவிர, தீவை விட்டுப் போகவில்லை. கடல் இல்லாத ஊரில் நமக்கு என்ன தெரியும் என்பாராம். அந்த மாமியார்தான் போன வாரம், “எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, ஒரு ராத்திரி கண்ணசரணும்” என்றார். 78 வயது. கேட்டுவிட்டு எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

என் கணவர் உச்சிப்புளியில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். வாடகை 3,500, தனி மீட்டர், வாசலில் வேப்பமரம். ஆனால் அவர் அங்கிருந்து கடலுக்குப் போகிற நாளெல்லாம் நடுராத்திரியில் கிளம்பிப் பாலம் தாண்டி வர வேண்டும். நான் 24 வருஷம் சேர்த்த வாடிக்கையை விட்டுவிட்டுப் புதிதாகப் போர்டு மாட்ட வேண்டும்.

ஆடியில் வீடு மாறும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆகவே ஆவணி வரை இங்கேதான் இருப்போம். அதற்குள் சம்பந்தப்பட்டவர்கள் எங்கள் சந்துக்கு ஒரு ராத்திரி வந்து பார்க்கட்டும். பகலில் வந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். துணிப்பையில் இன்னும் 31 அளவு ஜாக்கெட் இருக்கிறது.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் வாசகி,
ராமேஸ்வரம்.