மயில்கழுத்து நிறப் பூசணி வைத்த வாசல்களுக்கு

ஸ்காபுரோ,
நவம்பர் முதல் வாரம்

எங்கள் தெருவாருக்கும், ஒக்ரோபர் மாதம் முழுக்க எங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். எங்களை அறியாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. நானும் கணவரும், மூத்த மகளும், ஏழு வயதுச் சின்னவனும், என் அம்மாவுமாக ஐந்து பேர் உள்ள வீடு எங்களுடையது. சின்னவனுக்குக் கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாது. கஜு, பாதாம், பெக்கன் வகையறாக்களும் ஆகாது. எள்ளும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. கொஞ்சம் சொறிந்துவிட்டு அடங்கிப் போகிற ஒவ்வாமை அல்ல, மூச்சை அடைக்கிற வகை. அதனால் அவன் எங்கே போனாலும், அந்த நேரத்தில் உடனே போட வேண்டிய இரண்டு எபிபென் ஊசிகள் கூடவே போகும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் ஒரு சரை கச்சானாவது வாங்காமல் வீடு திரும்பாத என் அம்மா, எங்களோடு வந்து இருக்கத் தொடங்கிய பிறகு அதைக் கையாலும் தொட்டதில்லை. வரிசையில் முதல் நன்றி அவவுக்குத்தான்.

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இலையுதிர்காலத்தைக் கொண்டாடுவது லேசான காரியம் இல்லை. அப்பிள் பிடுங்கப் போனால் வாசலிலேயே டோனற் வாசம். பள்ளிக்கூடத்தில் வகுப்பு விருந்து. எல்லாவற்றுக்கும் மேலே ஹலோவீன் இரவு, வேடம் போட்டு வீடுவீடாகப் போகும் பிள்ளைகளுக்கு முன்பின் தெரியாதவர்கள் கைநிறைய சொக்லேட் அள்ளிக் கொடுக்கிற இரவு. சில வருடங்கள் வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருந்திருக்கிறோம். இந்த வருடம் எல்லாவற்றுக்கும் போனோம். அது எங்கள் துணிச்சலால் நடந்தது அல்ல, பிறர் எடுத்துக்கொண்ட சிரமத்தால் நடந்தது. அதனால்தான் இந்த மடல்.

பவ்மன்வில் பக்கத்து அப்பிள் தோட்டத்தில் தொலைபேசியை எடுத்த பெண்ணுக்கு முதலில் சொல்கிறேன். உங்கள் பண்டங்களில் கொட்டை வகை சேருமா என்ற வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு, பின்னால் சமையற்கூடத்துக்கே நடந்து போய்க் கேட்டுவந்தீர்கள். "எங்கள் டோனற்றை வாங்காதீர்கள். அதே மேசையில்தான் பெக்கன் போட்ட பட்டர் டாற்றும் செய்கிறோம். மரத்தில் தொங்குகிற அப்பிளுக்கு மட்டும் வாருங்கள்" என்றீர்கள். உங்கள் கடைப் பண்டத்தை வாங்காதே என்று நீங்களே சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். வேறொரு இடத்தில் இதே கேள்விக்கு, "ஒரு துண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்ற பதில் சிரித்த முகத்தோடு கிடைத்தது. அங்கிருந்து அப்படியே திரும்பி வந்துவிட்டோம். எங்களைப் போன்றவர்களுக்கு ஆறுதல் தேவையில்லை. "தெரியாது", "நிச்சயமில்லை", "இது உங்களுக்கு வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்பவர்தான் எங்களுக்கு உதவி செய்கிறவர்.

அதே தோட்டத்தில், வைக்கோல் வண்டியை இழுத்துச் சென்ற டிராக்டர்க்காரருக்கும் நன்றி. போகிற வழியெல்லாம் மக்கின்ரொஷ் அப்பிளின் கதையைச் சொன்னீர்கள். 1811இல் ஜோன் மக்கின்ரொஷ் என்பவர் இதே மாகாணத்தின் டண்டெலாவில் காட்டைத் துப்புரவாக்கும்போது கண்டெடுத்த கன்று அது, இன்றைய மக்கின்ரொஷ் மரங்கள் எல்லாம் அந்த ஒரு மரத்தின் ஒட்டு வழி வந்தவை என்று கேட்டதும் சின்னவன் தன் பையிலிருந்த பழங்களை எண்ணத் தொடங்கிவிட்டான். அத்தனையும் ஒரே குடும்பமாம்! ஆட்டுக்குத் தீனி கொடுக்கும் இடத்தில் நின்ற பையனையும் விட்டுவிட முடியாது. விலங்குத் தீனியில் கொட்டை வகை கலந்திருக்கக்கூடும், கைகழுவும் ஜெல்லினால் கச்சான் புரதம் போகாது, சவர்க்காரமும் தண்ணீரும்தான் அதை அகற்றும் என்று நான் விளக்கத் தொடங்கும் முன்பே, வேலையாட்கள் பாவிக்கும் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டு, சவர்க்காரக் கட்டியையும் நீட்டினாய், தம்பி. உன் தங்கைக்கும் இதே பிரச்சினை என்று பிறகுதான் சொன்னாய்.

ஹைலண்ட் கிரீக் ஓடையில் சமன் மீன் பார்க்கப் போனது சாப்பாட்டுப் பயமே இல்லாத நாள். செப்ரெம்பர் கடைசியிலும் ஒக்ரோபர் தொடக்கத்திலும், ஒரு நல்ல மழைக்குப் பிறகு மோர்னிங்சைட் பூங்காப் பக்கம் போனால் ஒன்ராறியோ ஏரியிலிருந்து ஷினூக் சமன்கள் முட்டையிட ஏறி வருவதைப் பார்க்கலாம். நாங்கள் போனபோது தண்ணீர் மேலே வெயில் பளிச்சிட்டு, மீன் ஒன்றும் தெரியவில்லை. அங்கே நின்ற முதியவர் தன் போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சின்னவனின் மூக்கில் வைத்தார். "அம்மா, உலக்கை மாதிரி மீன்!" என்று அவன் கத்தியதில் கரையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஏரிக்குச் சொந்தமான அத்திலாந்திக் சமன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்துபோனது, இப்போது ஏறுகிறவை 1960களின் இறுதியிலிருந்து இந்த ஏரியில் கொண்டுவந்து விடப்பட்ட பசிபிக் இனங்களின் வழி வந்தவை என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். முட்டையிட்டதும் அவை செத்துப்போகும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். மகள் கொஞ்சம் அழுதாள். ஐயா, அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி நாலு பக்கம் எழுதினாள்.

சின்னவனின் வகுப்பாசிரியைக்கும் நன்றி. ஒன்ராறியோப் பள்ளிக்கூடங்களில் ஒவ்வாமைக்கு ஒழுங்கான திட்டம் இருப்பதற்கு சப்ரீனா சட்டம் காரணம். பெம்புரோக்கில் 13 வயதுச் சிறுமி சப்ரீனா ஷானன், 2003இல் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வாங்கிய உணவுக்குப் பிறகு ஒவ்வாமையால் இறந்தாள். அதன் பின் 2005இல் நிறைவேறிய சட்டம், 2006 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊசி போடத் தெரிந்த ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பதற்காக அந்தத் தாய் தகப்பனுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனால், டீச்சர், நீங்கள் செய்தது எந்தச் சட்டத்திலும் எழுதியிராத வேலை. வகுப்பு விருந்தில் தீன்பண்டத்தையே எடுத்துவிட்டு, ஒரு பூசணிக்காயை வெட்டி, விதை எத்தனை என்று ஊகிக்கும் போட்டி வைத்தீர்கள். யாருக்காக இந்த மாற்றம் என்று வகுப்பில் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவனும் வந்து, "இன்றைக்குப் பூசணியை அறுவைச் சிகிச்சை செய்தோம்" என்று மட்டும்தான் சொன்னான்.

இனி ஹலோவீன் இரவு.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்கிற அக்காவுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. இந்த ஊரில் ஒக்ரோபர் 31 இரவு வேடத்தைக் குளிர் ஜக்கெற்றுக்குள் மறைத்துக்கொண்டு திரிவதுதான் பிள்ளைகளின் தலைவிதி. சின்னவன் விண்வெளி வீரன் ஆக வேண்டும் என்றான். எபிபென்னைக் குளிரில் உறைய விடக்கூடாது, அது உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், அவசரத்துக்குச் சட்டென்று எடுக்கவும் வேண்டும். நீங்கள் வேடத்தை ஜக்கெற்றின் மேல் போடும் அளவுக்குத் தொளதொளவென்று தைத்து, பக்கவாட்டில் ஒரு திறப்பு வைத்து, அதற்கு நேரே ஜக்கெற்றுக்குள் ஒரு பையும் வைத்துத் தந்தீர்கள். திறப்பின் மேலே "ஒக்சிஜன்" என்று வெள்ளி நூலில் எழுதியது உங்கள் சொந்த யோசனை. கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "போங்கோ பிள்ளை, மடத்தனமாய்க் கதைக்காதேங்கோ" என்று பேசி அனுப்பிவிட்டீர்கள். சண்டை இன்னும் முடியவில்லை, அக்கா.

மயில்கழுத்து நிறம் பூசிய பூசணியை வாசலில் வைத்தால், சாப்பிட முடியாத பிள்ளைக்கும் இந்த வீட்டில் ஏதாவது உண்டு என்று அர்த்தம். 2012இல் அமெரிக்காவின் டென்னசியில் ஒவ்வாமைப் பிள்ளைகளின் பெற்றோர் மத்தியில் தொடங்கிய பழக்கம், 2014க்குப் பிறகு பரவலானது. போன வருடம் எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தது. இந்த வருடம் சின்னவன் விரல்விட்டு எண்ணி, ஒரு கை போதாமல் மற்றக் கைக்குப் போனான். ஸ்ரிக்கர், பென்சில், இருட்டில் மினுங்கும் காப்பு, சோப்புக் குமிழி ஊதும் போத்தல்... அவனுடைய பையைப் பார்த்து மற்றப் பிள்ளைகள்தான் பொறாமைப்பட்டார்கள்.

இதற்கெல்லாம் காரணம் பக்கத்து வீட்டு வினிப்பெக் ஐயா என்று பிறகுதான் தெரிந்தது. வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டி விளக்கியிருக்கிறீர்கள். சின்ன வயதில் உங்கள் ஊரில் வாசல்களில் பண்டம் கேட்டு "ஹலோவீன் அப்பிள்ஸ்!" என்று கூவிக்கொண்டு போனதையும், பிள்ளைகளுக்கு உதவக் காசு சேர்க்கும் யுனிசெப் பெட்டி கழுத்தில் தொங்க, அதற்குள் சில்லறை விழுந்ததையும் என் அம்மாவுக்கு நீங்கள் வாசலில் நின்று கைச்சாடையோடு சொல்லிக்கொண்டிருந்த காட்சி எங்கள் வீட்டில் இன்னும் பேச்சாக இருக்கிறது. அம்மாவின் ஆங்கிலமும் உங்கள் தமிழும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனாலும் இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கியிருக்கிறது.

எதிர்வீட்டு நேர்ஸ் அக்கா, நீங்கள் சொக்லேட்தான் கொடுத்தீர்கள், ஆனால் அந்தச் சின்ன சொக்லேட்டுகள் வந்த பெரிய உறையை எறியாமல் கதவில் ஒட்டி வைத்திருந்தீர்கள். இதன் அருமை பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஹலோவீன் அளவுச் சொக்லேட்டின் தாளில் பல நேரம் சேர்மானப் பட்டியல் இருக்காது, வெளி உறையில்தான் இருக்கும். பெரிய சொக்லேட்டில் கச்சான் இல்லை என்பதற்காகச் சின்னதிலும் இல்லை என்று நம்பிவிட முடியாது, வேறு தொழிற்சாலையில் செய்ததாக இருக்கலாம். உங்கள் கதவுக்கு முன்னால் நின்று நான் பட்டியலை வாசித்து முடிக்கும்வரை பின்னால் காத்துநின்ற சூனியக்காரிகளுக்கும் டைனோசருக்கும்கூட நன்றி.

என் மகளுக்கும் இந்த இடத்தில் பகிரங்கமாக ஒன்று சொல்ல வேண்டும். கிடைத்த எதையும் தெருவில் பிரித்து வாயில் போடாமல் வீடுவரை கொண்டுவந்தாய். தரையில் கொட்டிப் பிரித்ததும், கச்சான் கலந்ததை எல்லாம் ஒரு பையில் கட்டி, நீயே கொண்டுபோய் மாமா வீட்டில் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தாய். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

அடுத்த நாள் மாலை நடந்த பூசணி ஊர்வலம் என் சொந்த விருப்பம். 2004இல் ரொறன்ரோவின் சொரோரன் பூங்காவில் தொடங்கியது, இப்போது நகரத்தின் பல பூங்காக்களில் நடக்கிறது. நவம்பர் 1 அன்று அவரவர் செதுக்கிய பூசணியைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கி விளக்கேற்றுவார்கள். முடிந்ததும் மாநகராட்சி அள்ளிக்கொண்டுபோய் உரமாக்கும். ஒருவரும் ஒன்றும் தின்னக் கொடுக்கவில்லை! பட்டியல் வாசிக்காமல், கைகளைப் பார்க்காமல், நான் சும்மா நடந்தேன். காற்றில் அணைந்த விளக்குகளைத் திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டு திரிந்த தொண்டர் பிள்ளைகளே, உங்கள் பெயர்கூடத் தெரியாது, சந்தோசமாக இருங்கள்.

வினிப்பெக் ஐயா, உங்கள் இரண்டு லாந்தர்களும் எங்கள் கராஜில் பத்திரமாக இருக்கின்றன, வசதிப்படும்போது வந்து எடுங்கள். மற்றவர்களுக்கு: செதுக்கும்போது தோண்டி எடுத்த பூசணி விதைகளை அம்மா வறுத்துச் சின்னப் போத்தல்களில் அடைத்திருக்கிறா. சனிக்கிழமை வீடுவீடாக வரும். பூசணி விதை, உப்பு, மிளகாய்த்தூள், சூரியகாந்தி எண்ணெய் என்று ஒவ்வொரு போத்தலிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். உறைப்பு கொஞ்சம் கூட, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

அன்புடனும் நன்றியுடனும்,
விண்வெளி வீரனின் அம்மா