இடப்பக்கம் இழுக்கும் விமானம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. மூக்கு நொறுங்கி, இறக்கை நடுவில் பிளந்து, வால் தனியே கழன்று கிடந்த, ரேடியோவால் இயக்கும் அந்தப் பால்சா மர மாதிரி விமானத்தை நீ மறுபடியும் வானத்தில் ஏற்றிவிட்டாய் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பழுதுபார்த்த பிறகு அது த்ராட்டிலை, அதாவது மோட்டாரின் வேகத்தை, கூட்டினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் இழுக்கிறது என்றும், நேரே பறக்கவைக்க ரிமோட்டில் செய்யும் சிறு திருத்தமான டிரிம்மை வலக்கோடி வரை தள்ளியும் அடங்கவில்லை என்றும் வருத்தப்பட்டிருக்கிறாய். அதே பத்தியின் கடைசியில், த்ராட்டிலை முழுவதும் மூடிவிட்டால் சாதுவாக நேரே சறுக்கிக்கொண்டு வருகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். நோய் எங்கே இருக்கிறது என்பதை அந்த வரிதான் காட்டிக்கொடுக்கிறது.

இறக்கை முறுக்கிக்கொண்டிருந்தால் மோட்டார் ஓடினாலும் நின்றாலும் விமானம் ஒரே பக்கம்தான் சாயும். வேகம் கூடக்கூட அந்தச் சாய்வும் கூடும். ஒரு பக்க இறக்கை மட்டும் எடை கூடியிருந்தால், வேகம் குறையும்போதும் மூக்கைச் சட்டென்று இழுத்து மேலே ஏற்றும்போதும் அந்தப் பக்கம் தொய்யும். மோட்டார் இழுக்கும்போது மட்டும் தோன்றி, மோட்டார் நின்றதும் மறைந்துவிடுகிற கோளாறுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது மோட்டார் பார்த்திருக்கும் திசையைத்தான். நீ மேலிருந்து எடுத்த படத்தில் மோட்டாரின் தண்டு உடலின் நடுக்கோட்டோடு துல்லியமாக நேராக நிற்கிறது. மோட்டார் பொருத்தும் முன்பலகையான ஃபயர்வாலை எபாக்ஸிப் பசை போட்டு ஒட்டும்போது, விபத்தில் கோணலாகிவிட்டது என்று எண்ணி நீ அதை நிமிர்த்தியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அந்தக் கோணல் விபத்தால் வந்ததன்று. வடிவமைத்தவர் வேண்டுமென்றே வைத்தது.

அந்த விமானத்தின் புரொப்பெல்லர், பின்னாலிருந்து பார்த்தால், கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறது. அதன் எதிர்விசையால் உடல் இடப்பக்கம் சாயப் பார்க்கும். புரொப்பெல்லர் தள்ளுகிற காற்றும் உடலைச் சுற்றி முறுக்கிக்கொண்டே பின்னால் போய், செங்குத்து வாலின் இடப்புறத்தில் மோதி, வாலை வலப்பக்கமும் அதனால் மூக்கை இடப்பக்கமும் தள்ளும். இதை ஈடுகட்டத்தான் மோட்டாரை 2 அல்லது 3 டிகிரி வலப்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். கீழ்நோக்கியும் சில டிகிரி சாய்த்து வைப்பதற்குக் காரணம், இறக்கை மேலே இருக்கும் இத்தகைய பயிற்சி விமானங்களில் வேகம் கூடியதும் தூக்குவிசை கூடி மூக்கு தானாகவே ஏறத் தொடங்கும் என்பது. இந்த இரண்டு சாய்வுகளையும் நீ எடுத்துவிட்டதால்தான் இடப்பக்கம் இழுப்பதும் மூக்கு தூக்குவதும் சேர்ந்தே வருகின்றன. டிரிம்மால் இதைத் தீர்க்க முடியாது. முழு த்ராட்டிலுக்கு ஏற்ற டிரிம்மை வைத்தால் சறுக்கும்போது வலப்பக்கம் போகும், சறுக்கலுக்கு ஏற்றதை வைத்தால் ஏறும்போது இடப்பக்கம் போகும்.

இதற்காக ஒட்டியதைப் பிரிக்க வேண்டியதில்லை. மோட்டார் மவுண்ட்டின் திருகுகளைத் தளர்த்தி, பின்னாலிருந்து பார்க்கும்போது இடப்பக்கமுள்ள திருகுகளின் அடியில் வாஷர் கொடுத்தால் தண்டு வலப்பக்கம் திரும்பும். மேல்திருகுகளின் அடியில் கொடுத்தால் கீழே சாயும். திருகுகளுக்கு இடையே 40 மி.மீ. இருந்தால், 1 மி.மீ. கனமுள்ள வாஷர் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி தரும். திரும்பியிருக்கிறதா என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாதே. பாட்டரியைக் கழற்றிவிட்டு, புரொப்பெல்லரைக் கிடைமட்டமாக நிறுத்தி, ஒரு முனையை இடப்பக்கம் வைத்து, அங்கிருந்து செங்குத்து வாலில் திரும்பும் பலகையான ரட்டரின் கீலின் நடுப்புள்ளி வரை நீளாத நூலால் அளந்துகொள். பிறகு அதே முனையை அரைச் சுற்றுச் சுற்றி வலப்பக்கம் கொண்டுவந்து அளந்து பார். 10 அங்குலப் புரொப்பெல்லரில் இடப்பக்க அளவு வலப்பக்கத்தைவிடச் சுமார் 1 செ.மீ. கூடுதலாக வந்தால் இரண்டரை டிகிரியை நெருங்கிவிட்டாய். அதே முனையை இரண்டு பக்கமும் பயன்படுத்தச் சொல்வதற்குக் காரணம், புரொப்பெல்லரின் இரண்டு கைகளும் ஒரே நீளமாக இருக்கும் என்று நம்ப முடியாது என்பதே.

நூல் கையில் இருக்கும்போதே இரண்டு இறக்கை முனைகளிலிருந்தும் வால் நடு வரை அளந்து சமமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. இறக்கையின் அடிப்பக்கம் தட்டையானது என்பதால், சமதளமான மேசைமேல் வைத்தால் முறுக்கு தெரிந்துவிடும். சறுக்கல் நேராக இருக்கிறது என்று நீ சொல்வதால் அங்கே பெரிய குறை இராது.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வால். இரண்டு படங்களிலும் வாலின் அடியில் எபாக்ஸி வழிந்து கட்டியாக உறைந்திருக்கிறது. வால் ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்கைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தள்ளி இருப்பதால், அங்கே 10 கிராம் கூடினால் மூக்கில் 30 கிராம் வைத்தால்தான் ஈடாகும். பாட்டரியை உள்ளே வைத்து, இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்நுனிகளைக் கொடுத்துத் தூக்கிப் பார். முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அது சமமாக நிற்க வேண்டும். உன் இறக்கை 24 செ.மீ. அகலம் என்றால் 6 முதல் 8 செ.மீ. வரை, நான் 7-ஐத் தாண்டவிட மாட்டேன். மூக்கில் ஈயத்தைச் சேர்ப்பதற்கு முன் பாட்டரியை முன்னால் நகர்த்திப் பார். வாலில் தேவைக்கு மேல் இருக்கும் பசையைச் சுரண்டிவிட்டால் இன்னும் நல்லது.

எலிவேட்டர் (வாலில் மேலும் கீழும் அசையும் பலகை) நடுவில் மட்டும் நடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். பறக்கும்போது அதை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியே நிற்பதால், தரையில் மோதுகிற அடியும் அந்த இடத்துப் பற்களுக்குத்தான் விழும். மின்சாரம் இல்லாத நிலையில், சர்வோவையும் எலிவேட்டரையும் இணைக்கும் கம்பியான புஷ்ராடைக் கழற்றிவிட்டு, சர்வோவின் கையை விரலால் மிக மெதுவாகக் கோடிக்குக் கோடி நகர்த்து. நடுவில் ஓரிடத்தில் 'டிக்' என்று நழுவினால் நைலான் பல் உடைந்திருக்கிறது. அந்த சர்வோவைத் தயங்காமல் மாற்றிவிடு. ரிசீவரின் ஆண்டெனாவையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிடு. 2.4 கிகாஹெர்ட்ஸில் உறை இல்லாமல் வெளியே தெரியும் கடைசி 31 மி.மீ. கம்பிதான் அலையை வாங்குகிறது. அது முறிந்திருந்தால் மேசைமேல் எல்லாம் ஒழுங்காக இயங்கி, தூரத்தில் கைவிட்டுவிடும். டிரான்ஸ்மிட்டரை ரேஞ்ச் செக்கில் (அலையின் வலுவைக் குறைத்துச் சோதிக்கும் நிலையில்) வைத்து 30 தப்படி நடந்து சரிபார்க்காமல் மேலே ஏற்றாதே. உப்பிப்போன லிப்போ பாட்டரியைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதைச் சார்ஜில் போடாதே.

இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. விடிந்து சற்று நேரத்துக்கு மேல் மைதானத்தில் நிற்க முடியவில்லை. அதனால் நான் மேசையில் ஒரு கிளைடரின் இறக்கை விலாக்களை அறுத்துக்கொண்டிருக்கிறேன். உன் பக்கத்தில் காற்றில்லாத காலை கிடைத்தால், நல்ல உயரத்தில் பாதி த்ராட்டிலில் நேராக டிரிம் செய்துகொண்டு, முதலில் த்ராட்டிலை மூடியும் பிறகு முழுவதும் திறந்தும் பார். முழுவதும் திறந்தபோது இன்னும் இடப்பக்கம் சாய்ந்தால் அரை மி.மீ. வாஷர் ஒன்றைக் கூட்டு. வலப்பக்கம் போனால் ஒன்றை எடுத்துவிடு.

அளவுகளை எழுதி அனுப்பு. மோட்டாரைக் கையால் சுற்றும்போது தண்டின் நுனி ஆடினால் அதையும் சொல், 3.17 மி.மீ. தண்டு ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, கூரியரில் அனுப்பிவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்