ஊர்வலம்தான் மூத்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் புத்தாண்டில் நடக்கும் ரோஜா விழாவைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் எழுத்து முழுக்க ரோஸ் பவுல் என்கிற பல்கலைக்கழக அணிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைச் சுற்றியே ஓடுகிறது. காலையில் நடக்கும் மலர் ஊர்வலத்துக்கு மூன்றே பத்தி, அதுவும் மேட்ச்சுக்கு முன்னால் காட்டும் வேடிக்கை என்கிற தொனியில். பாசடீனாவுக்குப் பக்கத்திலேயே நெடுநாளாகக் குடியிருக்கிறவள் நான். இதை அப்படியே விட மனசில்லை.

இரண்டில் ஊர்வலம்தான் மூத்தது. 1890 ஜனவரி 1 அன்று 'வேலி ஹண்ட் கிளப்' என்ற உள்ளூர்ச் சங்கத்துக்காரர்கள் குதிரை வண்டிகளுக்குப் பூச்சூட்டி ஊரைச் சுற்றி வந்தார்கள். அவர்களில் பலர் கிழக்கிலிருந்தும் நடுமேற்கிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். சொந்த ஊரில் சனங்கள் பனியில் புதைந்து கிடக்கும்போது இங்கே ரோஜா பூக்கிறது, ஆரஞ்சு பழுக்கிறது என்று காட்டிக்கொள்ள ஆசை. நாலு பேர் வந்து மனை வாங்க மாட்டார்களா என்ற எண்ணமும் சேர்ந்தே இருந்திருக்கும், அதை மறைப்பானேன்.

பந்தாட்டம் வந்தது பன்னிரண்டு வருடம் கழித்து, 1902இல். ஊர்வலச் செலவுக்குக் கைகொடுக்கும் என்றுதான் சேர்த்தார்கள். மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணிகள் மோதின. மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு பூஜ்யம். ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு போதும் சாமி என்று விலகிக்கொண்டது. பார்க்கவே பரிதாபமான இந்த ஆட்டத்துக்குப் பிறகு விழாக்காரர்கள் பந்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, 1904 முதல் ரோமானிய பாணியில் ரதப் பந்தயம் விட்டார்கள். ஒரு வருடம் யானைக்கும் ஒட்டகத்துக்கும்கூடப் பந்தயம் நடந்தது. யானை ஜெயித்ததாம்! கால்பந்து திரும்பி வந்தது 1916இல். உங்கள் கட்டுரையாளர் விழாவின் உயிர் என்று சொல்லும் ஆட்டம் இல்லாமலேயே பதின்மூன்று வருடம் விழா ஒரு குறையுமில்லாமல் நடந்திருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, 1942இல், மேற்குக் கரையில் கூட்டம் கூட வேண்டாம் என்றதும் ஆட்டத்தை வட கரோலினாவின் டர்ஹமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2021இல் கொரோனா காலத்தில் டெக்சாஸின் ஆர்லிங்டனில் நடத்தினார்கள். இரண்டு தடவையும் பெயர் என்னவோ ரோஸ் பவுல்தான். ஊர்வலத்தை மட்டும் எங்கேயும் கொண்டுபோக முடியவில்லை. அந்த இரண்டு வருடமும் ரத்தே செய்துவிட்டார்கள். ஊர்வலம் போகும் கொலராடோ பூல்வார்டு சாலை இல்லாமல் அதை எங்கே நடத்துவது?

ஆட்டத்தில் ஊர் வாசனை இருந்த காலமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 1947 முதல் ஐம்பது வருடத்துக்கும் மேலாக மேற்குக் கரையின் சாம்பியனும் நடுமேற்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான பிக் டென்னின் சாம்பியனும் மோதுவார்கள். பனிப் பிரதேசத்திலிருந்து ரசிகர்கள் வந்து இறங்கி, முழுக்கைச் சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலில் நிற்பதைப் பார்ப்பதே தனிக் காட்சி. இப்போது அது தேசிய சாம்பியனை முடிவுசெய்யும் பிளேஆஃப் போட்டியில் ஒரு சுற்று, அவ்வளவுதான். 2025இல் ஒஹாயோ ஸ்டேட்டும் ஆரிகனும் ஆடின. இரண்டுமே பிக் டென்! இந்த வருடம், 2026இல், அலபாமாவை இந்தியானா 38க்கு 3 என்று துவைத்து எடுத்தது. நல்ல ஆட்டம்தான். ஆனால் மேற்குக் கரைக்கு அதில் என்ன பங்கு? பசிபிக் பக்கத்துப் பழைய கூட்டமைப்பே 2024இல் சிதறிவிட்டது. ரோஸ் பவுல் அரங்கத்தைச் சொந்தக் களமாக வைத்திருக்கும் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம் வேறு அரங்கத்துக்குப் போகப் பார்க்கிறது என்று பாசடீனா நகராட்சி வழக்குப் போட்டிருக்கிறது. இதையெல்லாம் கட்டுரையில் எதிர்பார்த்தேன்.

சரி, ஊர்வலத்துக்கு வருகிறேன். "இவ்வளவு பூவை வீணாக்க வேண்டுமா" என்று கட்டுரையாளர் போகிற போக்கில் கேட்கிறார். நியாயமான கேள்வி. பெரிய கம்பெனிகளின் பூ அலங்கார ஊர்திகளைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. தொழில்முறை ஆட்கள் கட்டிக் கொடுக்கிறார்கள், ரோஜாக்களில் பல ஈக்வடாரிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் விமானம் ஏறி வருகின்றன, முன்பக்கத்தில் கம்பெனி பெயர். டிவி கேமராக்கள் வரிசை கட்டி நிற்கும் ஆரஞ்ச் குரோவ் திருப்பத்தில் இவைதான் கண்ணைப் பறிக்கும்.

ஆனால் ஊர்க்காரர்களே கட்டும் ஊர்திகள் சில இன்னும் இருக்கின்றன. சவுத் பாசடீனா, சியரா மாட்ரே, பர்பேங்க், டௌனி, லா கன்யாடா ஆகிய ஊர்களின் ஊர்திகளும், கால் பாலி பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் கட்டும் ஊர்தியும் அந்த வகை. மாணவர்கள் 1949 முதல் கட்டுகிறார்கள்: பாதி பொமோனாவில், பாதி சான் லூயிஸ் ஒபிஸ்போவில். அப்புறம் சான் லூயிஸ் ஒபிஸ்போ பாதியைத் தெற்கே பொமோனாவுக்குக் கொண்டுவந்து இணைப்பார்கள். உங்கள் கட்டுரையில் இவற்றில் ஒன்றுக்குக்கூட இடமில்லை.

டிசம்பர் கடைசி வாரத்தில் இப்படி ஒரு ஊர்திக் கொட்டகைக்கு நான் உதவிக்குப் போவது வழக்கம். வெளியே தெரியும் ஒவ்வொரு அங்குலமும் பூ, இலை, விதை, பட்டை என்று இயற்கைப் பொருளால் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. பெயிண்ட் தெரிந்தால் போச்சு. அதனால் கறுப்புக்கு வெங்காய விதை, பழுப்புக்கு காப்பித்தூள், வெள்ளைக்குத் தேங்காய்த் துருவல் அல்லது அரிசி மாவு, ஆரஞ்சு நிறத்துக்கு நம் மைசூர் பருப்பு. கெடாத சரக்கை முதலில் ஒட்டிவிட்டு, பச்சைப் பூவைக் கடைசி இரண்டு நாளில்தான் தொடுவார்கள். ஒவ்வொரு ரோஜாவையும் தண்ணீர் நிரப்பிய விரல் நீளக் குழாயில் செருகி, அந்தக் குழாயை நுரைப் பலகையில் குத்த வேண்டும். குளிரில் விரல் மரத்துப்போகும். சாரத்தின் மேலே ஏறி ஒரு பறவையின் கண்ணுக்கு விதை ஒட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பெண், ஒரு விதை தள்ளிப் போய்விட்டது என்று மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். தெருவிலிருந்து யாருக்கும் அது தெரியப் போவதில்லை. பூப்பல்லக்குச் சோடிக்கும் நம் ஊர் ஆட்களிடம் இதே பிடிவாதத்தைப் பார்க்கலாம்.

என் மாமியார் இங்கே வந்திருந்தபோது ஒரு முறை அழைத்துப் போனேன். "திங்கிற பருப்பைப் போய் இப்படி ஒட்டுறாங்களே" என்று முணுமுணுத்தவர், சற்று நேரத்தில் தாமும் ஒரு பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குக் கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது.

இந்த வருடம் ஊர்வலத்தில் மழை வேறு. 2006க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பிளாஸ்டிக் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு பேண்டு வாத்தியப் பிள்ளைகள் ஐந்தரை மைல் நடந்தார்கள். முதல் நாள் மத்தியானத்திலிருந்தே நடைபாதையில் நாற்காலி போட்டுக் காத்துக்கிடந்த குடும்பங்களும் எழுந்து போய்விடவில்லை.

போன வருட ஊர்வலம் முடிந்த ஆறாவது நாள் ஈட்டன் காட்டுத்தீ பக்கத்து ஊரான ஆல்டடீனாவை எரித்தது. ரோஸ் பவுல் வளாகம் தீயணைப்புப் படைகளின் தளமானது. எங்கள் கொட்டகைக்கு வழக்கமாக வருகிறவர்களில் வீட்டை இழந்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இந்த டிசம்பரிலும் வந்தார்கள். எங்கோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு, காரை ஓட்டிவந்து பருப்பு ஒட்டினார்கள். ஊர்வலத்தை வேடிக்கை என்று சொன்னது என்னை உறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த முறை உங்கள் நிருபரைப் புத்தாண்டு அன்று அனுப்பாமல் டிசம்பர் 29, 30 வாக்கில் அனுப்பிவையுங்கள். ஊர்க்காரர்களின் கொட்டகைகளில் உதவிக்கு வருகிறவர்களை யாரும் தடுப்பதில்லை, பெயரைப் பதிந்துகொண்டால் சரி. ஊர்வலம் முடிந்த பிறகு ஊர்திகளைப் பக்கத்திலிருந்து பார்க்க நிறுத்தி வைப்பார்கள், அதற்கு டிக்கெட் உண்டு. மேட்ச் ஸ்கோரைத்தான் எல்லாப் பத்திரிகையும் போடுகிறதே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாசடீனா அருகிலிருந்து