மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். உயர் மதிப்பெண் வாங்குவோர் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே போவதால் அந்த மதிப்பெண்ணுக்கே மதிப்பில்லாமல் போய்விட்டது என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். சில ஆண்டுகள் பள்ளியிலும் அப்புறம் ஓய்வுபெறும் வரை கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கும் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பொதுத்தேர்வு விடைத்தாள்களும் திருத்தியிருக்கிறேன். மதிப்பெண் பிறக்கும் இடத்தையும் அது போய்ச் சேரும் இடத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தாயிற்று.

திருத்தும் இடத்தில் கையில் ஒரு விடைக்குறிப்பைக் கொடுத்துவிடுவார்கள். எந்தச் சொல் இருந்தால் ஒரு மதிப்பெண், எது விடுபட்டால் அரை குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தாளில் மாணவன் பெயரோ பள்ளியின் பெயரோ இருக்காது. இருந்தாலும் ஒரே பள்ளித் தாள்கள் அடுத்தடுத்து வந்தால் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் ஓம் விதியைக் கேட்டால் இருபது பேரும் ஒரே வாக்கியத்தை, ஒரே இடத்தில் காற்புள்ளி வைத்து, ஒரே சொல்லுக்கு அடிக்கோடிட்டு எழுதியிருப்பார்கள். இறுதி விடையைச் சுற்றிப் பென்சிலில் கட்டம்கூட ஒரே அளவில் இருக்கும். எல்லோருக்கும் முழு மதிப்பெண். போட்டுத்தான் ஆக வேண்டும், தவறே இல்லையே!

ஒருமுறை அப்படி ஒரு வரிசைக்கு நடுவே வேறு மாதிரி ஒரு தாள். "கம்பி சூடேறாமல் இருக்கும் வரை மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் மின்னோட்டமும் இரண்டு மடங்காகும்" என்று எழுதியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. எழுதிய பிள்ளைக்கு விஷயம் புரிந்திருக்கிறது. ஆனால் விடைக்குறிப்பு கேட்டது 'மாறா வெப்பநிலையில்', 'நேர்த்தகவில்' என்ற இரண்டு சொற்களை. அரை மதிப்பெண் குறைத்தேன். உச்சியில் அரை மதிப்பெண் என்பது சில பாடப்பிரிவுகளில் நூறு பேருக்குப் பின்னால் போய் நிற்பது.

அப்புறம் கல்லூரி. ஓராண்டு ஒரே மதிப்பெண்ணோடு இரண்டு மாணவர்கள் என் வகுப்புக்கு வந்தார்கள். முதல் வாரத்தில், புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கைக் கொடுத்தேன். ஒருவன் எழுந்து, "சார், இது எந்தப் பாடத்தில் வருகிறது?" என்று கேட்டான். கேலிக்காகச் சொல்லவில்லை, நல்ல உழைப்பாளி. அவன் படித்த பள்ளியில் கடைசி ஆண்டுப் பாடத்தை முந்தைய ஆண்டிலேயே முடித்துவிட்டு, பன்னிரண்டு மாதமும் தேர்வு மேல் தேர்வாக வைத்திருந்தார்கள். இன்னொருவன் படித்த பள்ளியில் அந்த ஆண்டின் பெரும்பகுதி இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை. சீனியர் ஒருவரின் நோட்டை வைத்துத் தானே படித்திருக்கிறான். ஆய்வகத்தில் சிறிய நீளங்களைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் அளவியைக் கையில் கொடுத்தபோது தலைகீழாகப் பிடித்தான். அதற்கு முன் அதைத் தொட்டதே இல்லை. முதலாண்டு முடிவதற்குள் இரண்டாமவன் முந்திவிட்டான்.

இரண்டு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான். ஆனால் இங்கிலாந்தின் உயர்கல்வி நிதி மன்றம் 2014-ல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் சாய்ந்தது. பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் ஒரே தரம் பெற்றவர்களை ஒப்பிட்டபோது, கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியிலிருந்து வந்தவர்களைவிட அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் பட்டப்படிப்பில் மேலாகச் செய்திருந்தார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண் பொய் என்பதல்ல இதன் பொருள். அவர்கள் பட்ட பாடும் பாடுதான். (என் மகளையும் கட்டணம் கட்டித்தான் படிக்கவைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.) அதே உயரத்தை ஒருவன் ஏணியில் ஏறி எட்டியிருக்கிறான், இன்னொருவன் சுவரைப் பிடித்து ஏறியிருக்கிறான். சான்றிதழில் உயரம் மட்டும்தான் இருக்கிறது.

கட்டுரை சொல்லும் பெருக்கம் உண்மையே. நூறு கிலோவரை மட்டும் காட்டும் தராசில் நூறு கிலோவை ஏற்றினாலும் நூற்று நாற்பதை ஏற்றினாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். இங்கிலாந்தில் உச்சித் தரத்தில் கூட்டம் சேர்ந்ததால் 2010-ல் 'ஏ'-க்கு மேல் 'ஏ ஸ்டார்' கொண்டுவந்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 2019-ல் சுமார் கால் பங்கு விடைத்தாள்கள் இந்த இரண்டு தரங்களில் இருந்தன. கொரோனாவால் எழுத்துத் தேர்வு நடக்காமல் ஆசிரியர்களே தரம் போட்ட 2021-ல் அது 44.8 விழுக்காடானது. இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் மட்டும் எடுத்தால் 70. இரண்டாண்டு கழித்து, தேர்வும் பழைய அளவுகோலும் திரும்பியதும் மொத்தம் 27.2-க்கு இறங்கியது. பிள்ளைகள் அதற்குள் மாறிவிடவில்லை, அளக்கும் கோல்தான் மாறியது. நம் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2021-ல் சில படிப்புகளுக்குக் கட்-ஆஃப் நூறு விழுக்காட்டைத் தொட்டதும் இதே கதைதான். நூறுக்கு மேல் கேட்க முடியாது என்ற நிலை வந்த பிறகு, 2022-லிருந்து பொது நுழைவுத் தேர்வுக்கு மாறினார்கள்.

நுழைவுத் தேர்வு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கட்டுரையாளர் நம்புகிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவன், முடியாதவன் என்று அதே கோடு கொஞ்சம் தள்ளிப்போய் விழும், அவ்வளவுதான்.

சரி, பள்ளியையும் கணக்கில் எடுக்கலாம் என்றால் அதை எப்படி எடுப்பது என்பதில் ஒரு குழி இருக்கிறது. 2020-ல் இங்கிலாந்து அதில் விழுந்தது. தேர்வு இல்லாததால், ஒவ்வொரு பள்ளியின் கடந்தகாலத் தேர்ச்சியையும் கணக்கில் சேர்த்துக் கணினிச் சூத்திரம் ஒன்று மாணவர்களுக்குத் தரம் போட்டது. ஒரு பாடத்தை மிகச் சிலரே படிக்கும் இடங்களில் மட்டும் ஆசிரியர் கொடுத்த தரத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். சின்ன வகுப்புகள் எங்கே அதிகம்? தனியார் பள்ளிகளில். இதுவரை சரியாகத் தேர்ச்சி காட்டாத பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பெண்ணோ பழைய மாணவர்களின் நிழலில் இழுத்துக் கீழே இறக்கப்பட்டாள். ஆகஸ்ட் 13-ம் தேதி முடிவு வந்தது, பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள், 17-ம் தேதி அரசு பின்வாங்கியது. ஆகவே பள்ளியை வைத்து மாணவனின் மதிப்பெண்ணையே திருத்தும் யோசனை வேண்டவே வேண்டாம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் வேறு வழியில் போனது. எந்தப் பள்ளியானாலும் அந்தப் பள்ளியின் முதல் பத்து விழுக்காட்டில் வருகிறவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் என்று 1997-ல் சட்டம் போட்டார்கள். பள்ளிகளுக்கு இடையிலான ஒப்பீடே போய்விட்டது. எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் இதிலும் ஓட்டை இருந்தது. போட்டி குறைவான பள்ளியைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கும் குடும்பங்களும் இருந்ததை ஆய்வாளர்கள் பின்னால் கண்டுபிடித்தார்கள். தமிழ்நாட்டில் 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கியபோது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேயே படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். கடைசி ஆண்டில் பள்ளி மாறி வந்து புகுந்துகொள்ள முடியாது. சட்டம் எழுதியவர் விவரமானவர்.

நான் கேட்பது இவ்வளவு பெரிய ஏற்பாடுகூட இல்லை. மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் இன்னும் ஒரு எண்ணை அச்சிடுங்கள்: அந்தப் பாடத்தில் அந்தப் பள்ளியின் சராசரி. மாணவனின் மதிப்பெண்ணில் கை வைக்க வேண்டாம். 96 வாங்கியவனின் பள்ளிச் சராசரி 91 என்றால் அது ஒரு செய்தி. அதே 96, பள்ளிச் சராசரி 48 என்றால் வேறு செய்தி. எந்தச் செய்திக்கு என்ன எடை கொடுப்பது என்பதைச் சேர்க்கை நடத்துகிறவர்கள் முடிவு செய்யட்டும், ஆனால் என்ன எடை கொடுத்தார்கள் என்பதை வெளியில் சொல்ல வேண்டும். இந்த எண் எல்லாம் தேர்வு வாரியங்களின் கணினியில் ஏற்கெனவே கிடக்கிறது. புதிதாக ஒரு தேர்வோ ஒரு குழுவோ தேவையில்லை.

இப்படி அச்சிட்டால் பள்ளிகளுக்குக் கெட்ட பெயர் வரும் என்று ஆட்சேபம் எழும். அந்தப் பெயர் இப்போதும் இருக்கிறது. வாய்மொழியாக, யார் வேண்டுமானாலும் கூட்டிக் குறைத்துச் சொல்லும் வடிவத்தில் இருக்கிறது. ஆசிரியர் இல்லாத பள்ளியின் சராசரி 48 என்று அரசு முத்திரையோடு ஆயிரம் சான்றிதழ்களில் வெளிவந்தால், அந்தக் காலியிடத்தை நிரப்பும்படி யாராவது கேட்பார்கள் அல்லவா?

இதில் எனக்கே விடை தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. நான்கே பேர் படிக்கும் பள்ளியில் சராசரி என்பது அந்த நான்கு பேரின் மதிப்பெண்தான். ஒருவன் தவறினால் மற்ற மூவரின் சான்றிதழிலும் அது தெரியும். அங்கே ஐந்தாண்டுச் சராசரியைப் போடலாம் என்பது என் யோசனை. புள்ளியியல் தெரிந்த வாசகர்கள் இதைவிட நல்ல வழி சொன்னால் அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்