கடல் பச்சையாவது வெயிலால் மட்டுமா?

ஐயா,

கண்டத்திட்டுக் கடல்களில் (கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடல்களில்) இளவேனில் வெயில் பட்டதும், கடலைப் பச்சையாக்கும் நுண்ணிய தாவர மிதவை உயிரிகள் பெருகிவிடுவதாகத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை பாதியைத்தான் சொல்கிறது. பிரிட்டனுக்கும் நார்வேக்கும் இடையிலுள்ள வடகடலில் குளிர்காலப் புயல்காற்று நீரைக் கலக்கி, அவ்வுயிரிகளுக்குச் சத்தான நைட்ரேட்டை மேலே கொண்டுவந்தாலும், அதே கலக்கத்தில் உயிரிகளும் இருண்ட ஆழத்துக்கு இழுபட்டுவிடுவதால், காற்று தணிந்து மேல்நீர் வெதுவெதுப்பாகித் தனி அடுக்காக நிற்கும்வரை அவற்றுக்குப் போதிய ஒளி கிடைப்பதில்லை. நார்வே நாட்டுக் கடலியலாளர் ஸ்வெர்ட்ரப் 1953-இல் இதைத்தான் கணக்கிட்டுக் காட்டினார். அவரை மறுப்போரும் உண்டு என்பது வேறு விஷயம். அடுக்கு நிலைத்தபின், ரசத்தில் தெளிவு மேலும் மண்டி கீழுமாக நிற்பதுபோல், சத்து அடியில் தங்கிவிடும். ஒரு புயல் கரண்டி போட்டுக் கலக்கினால் மறுபடியும் பெருக்கம் வரலாம்.

மும்பைக்கு வடமேற்கே வட அரபிக்கடலில் நிலைமை வேறு. அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் சத்துக்குத்தான். வறண்ட வடகிழக்குக் காற்று மேல்நீரைக் குளிர்விக்க, கனத்த அந்நீர் கீழிறங்கிக் கலந்து அடியிலுள்ள சத்தை மேலே கொண்டுவருவதால், குளிர்காலத்தின் பிற்பகுதியிலேயே கடல் பச்சையாகிறது. அடுத்த முறை வெப்பநிலைப் படத்தோடு காற்றின் வேகத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மாட்டுங்கா, மும்பை