சாவி இருக்கும், ஆள் இருக்கமாட்டார்

அன்புள்ள மகளுக்கு,

நீ புக் செய்திருப்பது செல்ஃப் செக்-இன் வீடு. ரிசப்ஷன் கிடையாது. எந்தக் கதவு, எந்த மாடி, சாவி எங்கே என்பதெல்லாம் ஹோஸ்ட், அதாவது வீட்டை வாடகைக்கு விடுபவர், அனுப்பும் மெசேஜில்தான். வாசலில் நின்று கேட்க வேண்டியதை இப்போதே கேட்டு வாங்கிவிடு.

முதலில் தேதியைப் பார். விமானம் 15ஆம் தேதி அதிகாலை 00:30க்கு இறங்குகிறது என்றால் வீடு 14ஆம் தேதியிலிருந்து உன் பெயரில் இருக்க வேண்டும். 15 என்று போட்டிருந்தால் அன்று மதியம் செக்-இன் நேரம் வரும்வரை பெட்டியோடு தெருவில்தான். ஹோஸ்டுக்கும் "இரவு 12 மணிக்கு வருவேன்" என்று எழுதாதே, எந்த இரவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? "15 அதிகாலை 00:30க்கு விமானம் இறங்கும், வீட்டுக்கு வர 02:00 ஆகும், இது உங்கள் ஊர் நேரம்" என்று எழுது.

அவர் உன் மெசேஜை மொழிபெயர்ப்பு ஆப் வழியாகப் படிக்கக்கூடும். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக, கேள்விக்கு நம்பர் போட்டு அனுப்பு. "சீக்கிரம் வரலாமா, பெட்டியை எங்கே வைப்பது, லிஃப்ட் இருக்கிறதா?" என்று ஒரே மூச்சில் கேட்டால் "ஆமாம்" என்று ஒரு பதில்தான் வரும். அது எதற்கான ஆமாம் என்று நீ உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

தெரு வாசலின் போட்டோவைக் கட்டாயம் கேள். மேப் காட்டும் புள்ளி சில சமயம் கட்டடத்தின் பின்பக்கம் போய் நிற்கும். மாடி எண்ணிலும் குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் தரைத்தளம் 0, அதற்கு மேலே இருப்பதுதான் 1. அமெரிக்காவில் தரைத்தளமே 1. "தெருவிலிருந்து எத்தனை மாடி ஏற வேண்டும்?" என்று கேட்டால் தகராறே இல்லை. காலிங் பெல் பலகையில் எந்தப் பெயர் இருக்கும், தெருக் கதவுக்கும் வீட்டுக் கதவுக்கும் தனித்தனிச் சாவியா, ராத்திரி போன் செய்தால் யார் எடுப்பார்கள் என்பதையும் கேட்டுவிடு.

சாவியை வைத்து எண்களால் பூட்டும் சின்னச் சாவிப்பெட்டி என்றால், எண்களை அதில் உள்ள அடையாளக் கோட்டிற்கு நேராகச் சரியாக நிறுத்த வேண்டும். அரை எண் தள்ளி நின்றாலும் திறக்காது. கோட், அதாவது ஹோஸ்ட் தந்த ரகசிய எண், சரியாக இருந்தும் அசையவில்லையா? உள்ளே சாவிக்கொத்து மூடியை முட்டிக்கொண்டிருக்கலாம். மூடியை உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கொக்கியை இழு. சாவியை எடுத்ததும் எண்களைக் கலைத்துவிடு. கதவிலேயே நம்பர் பூட்டு இருந்தால், கோட் அடித்த பிறகு எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று கேட்டு வை. பல பூட்டுகளில் செக்-இன் நேரத்துக்குத்தான் கோட் உயிர்பெறும். முன்பே போய் அடித்தால் தப்பு என்றுதான் காட்டும். திரும்பத் திரும்ப அடித்தால் பூட்டு சில நிமிடம் முடங்கிவிடும். இரண்டு தடவை பார், திறக்காவிட்டால் போன் செய்.

இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவுகள் நிறைய. குப்பை போடப் போனாலும் சாவி கையில் இருக்கட்டும். இரவில் உள்பக்கம் சாவியைத் துவாரத்திலேயே விட்டுவைக்காதே, சில பூட்டுகளில் வெளியிலிருந்து வேறு சாவி போட்டாலும் திறக்காது.

பாஸ்போர்ட் கேட்டால் உடனே சந்தேகப்படாதே. ஜப்பானில் 2018 முதல் நடப்பில் உள்ள வீட்டு விடுதிச் சட்டப்படி வெளிநாட்டுப் பயணிகளின் பாஸ்போர்ட் விவரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். ஸ்பெயினிலும் விருந்தினர் விவரம் அரசுக்குப் போகிறது. கேட்பது முறைதான், எந்த வழியில் கேட்கிறார்கள் என்பதைப் பார். நகல் அனுப்பினால் அதன் மேலேயே "இந்தத் தங்கலுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதி அனுப்பு. "கார்டை மறுபடி சரிபார்க்க வேண்டும், 12 மணி நேரத்தில் இந்த லிங்க்கை அழுத்துங்கள், இல்லையென்றால் புக்கிங் ரத்து" என்று வந்தால் தொடாதே. மோசடிக்காரர்கள் ஹோஸ்டின் கணக்கையே திருடி, புக் செய்த ஆப்புக்குள்ளிருந்தே இப்படி அனுப்புகிறார்கள். பணம் எதுவானாலும் புக் செய்த தளத்தின் வழியாக மட்டும்.

வாட்ஸப்பில் பேசலாம், தப்பில்லை. ஆனால் முக்கியமானதை ஆப்பிலும் ஒரு வரி போட்டு வை. பிரச்சினை என்று வந்தால் தளத்துக்காரர்கள் பார்ப்பது அதைத்தான். உள்ளே நுழைந்ததும், பெட்டியைப் பிரிக்கும் முன்பே, உடைசல், கறை, வேலை செய்யாத ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஆப்பில் ஹோஸ்டுக்கு அனுப்பு. ஏர்பிஎன்பி என்ற வீடு புக் செய்யும் தளத்தில் பிரச்சினை கண்ணில் பட்ட 72 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். கிளம்பும்போது சாவியைப் பெட்டிக்குள் வைத்து ஒரு படம், "வெளியேறிவிட்டேன், நேரம் 10:40" என்று ஒரு வரி. அது போதும்.

முகவரி, கோட், ஹோஸ்டின் போன் நம்பர் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள், விமான நிலையத்துக்கு வெளியே நெட் கிடைக்கும் என்று நம்பாதே. ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதிப் பர்ஸில் வை. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. உன் போன் செத்துப்போனால் யார் போனிலிருந்தாவது என்னைக் கூப்பிடு, நான் படித்துச் சொல்கிறேன். என் நம்பராவது மனப்பாடமாக இருக்கிறதா?

அன்புடன்,
அப்பா